பெல்ட்டை முழுக்க இழுத்துப் பார்

செல்வம்,

அந்த வெள்ளி நிறக் காரை அறுத்தது நான்தான். நீ கேள்விப்பட்டது உண்மை. கூரையைக் கேஸ் கட்டரால் அறுத்து எடுத்தேன். கதவுகளைக் கடப்பாரையால் நெம்பிப் பிடுங்கினேன். நீ பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சாமி பார்ப்பது போலப் பார்த்தாயே, அந்த எஞ்சினைச் சம்மட்டியால் நானே அடித்து உடைத்தேன். கடையில் வேலை செய்கிறவர்கள் யாரையும் தொடவிடவில்லை. மகன் நல்ல காரில் போவது பொறுக்காமல் பொறாமையில் செய்தேன் என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். பொறாமையில் இரும்பை அறுப்பவன் ஒரு வாரத்தில் ஓட்டாண்டியாகிவிடுவான். நான் முப்பது வருடமாக அறுக்கிறேன்.

உன்னிடம் நேரில் சொல்ல வழியில்லை. போன் செய்தால் துண்டிக்கிறாய். தபாலில் அனுப்பினால் பிரிக்காமலே கிழிப்பாய். அந்தப் புத்தி எனக்கு உண்டு, அதனால் உனக்கும் இருக்கும். ஆகவே ஒரு இதழில் அச்சாகி வரட்டும் என்று கொடுக்கிறேன். யாராவது ஒருவன் உன் மேசையில் கொண்டுவந்து போடுவான். உன் மானம் போகும் என்றால் போகட்டும், என் மானத்தை நீ தெருவில் வைத்து வாங்கியதை விட இது பெரிதல்ல. இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. எனக்கு உழவர்கரைப் பக்கம் காயலாங்கடை. விபத்தில் அடிபட்ட வண்டிகளை வாங்கி அறுத்து, உதிரியாகவும் இரும்பாகவும் விற்பது என் தொழில். படித்தது ஐந்தாவது. ஆங்கில எழுத்தை உதிரிப் பாகங்கள் வரும் அட்டைப்பெட்டிகளில் படித்துக் கற்றுக்கொண்டேன். இவன் என் ஒரே மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. வைகாசியில் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் பழைய கார் ஒன்று வாங்க வேண்டும், அதுவும் காற்றாய்ப் பறக்கிற கார்தான் வேண்டும் என்று அலைகிறான். ஒன்றை நான் அறுத்துவிட்டேன். இப்போது பெங்களூரில் இன்னொன்று பார்த்திருக்கிறானாம். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வேகமான கார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, செல்வம். இளவயதில் யாருக்கு அந்த ஆசை இல்லை? ஆனால் சாதாரணக் காரைப் பழையதாக வாங்குவது வேறு, வேகத்துக்காகவே செய்த காரைப் பழையதாக வாங்குவது வேறு. சாதாரணக் காரை வைத்திருந்தவன் காய்கறி வாங்கப் போயிருப்பான், பிள்ளையைப் பள்ளியில் விட்டிருப்பான். வேகக் காரை வைத்திருந்தவன் அதை எதற்கு வாங்கினானோ அதைச் செய்து பார்க்காமல் இருந்திருக்க மாட்டான். அந்த மாதிரிக் கார் ஒவ்வொன்றுக்குள்ளும் யாரோ ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்த மிதி இருக்கிறது. நீ வாங்குவது அவனுடைய மிச்சத்தை.

நீ எட்டாவது படிக்கும்போது நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். கடைக்கு வந்த ஒரு நசுங்கிய காரின் கண்ணாடியில் தொங்கிய குரங்குப் பொம்மையை எடுத்துக்கொண்டு போய் உன் சைக்கிளில் கட்டினாய். நான் ஃபேன் பெல்ட்டை எடுத்து உன்னை விளாசினேன். உன் தொடையில் கட்டம் கட்டமாக வீங்கியது. குறுக்கே வந்த அம்மாவுக்கும் ஓர் அடி விழுந்தது. அதற்காக நான் வருந்தியதில்லை, இன்றும் வருந்தவில்லை. அந்தப் பொம்மைக்குக் கீழே புருஷனும் பெண்சாதியும் செத்திருந்தார்கள். நம் கடையில் சாவு விழுந்த வண்டி வந்தால் முதலில் முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கற்பூரம் ஏற்றுவோம். வண்டிக்குள் கிடக்கும் வளையல், செருப்பு, சாவிக்கொத்து எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் போட்டு வைப்போம். யாராவது தேடிக்கொண்டு வருவார்கள். அந்த வண்டியின் பிரேக், ஸ்டீயரிங், சீட் பெல்ட் மூன்றையும் எவன் எவ்வளவு கொடுத்தாலும் விற்க மாட்டோம், அறுத்துப் போட்டுவிடுவோம். இது நான் வைத்த சட்டம். உன் கூடப் படித்தவர்கள் உன்னைக் ‘காயலாங்கடை’ என்று கூப்பிட்டார்கள் என்று அழுதாய். கூப்பிட்டால் என்ன? அந்தக் கடை இரும்பில்தான் நீ என்ஜினீயர் ஆனாய்.

பெல்ட்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. திண்டிவனம் ரோட்டில் ஒரு முறை லாரிக்கு அடியில் புகுந்துவிட்ட காரை வெட்டி எடுக்கப் போலீஸ்காரர்கள் என்னைக் கூட்டிப் போனார்கள். நல்ல வெயில். ஓட்டியவன் உயிரோடு இருந்தான், கத்திக்கொண்டிருந்தான். தகரத்தை நெம்பும்போது என் கையிலும் கிழித்தது, அவன் ரத்தமும் என் ரத்தமும் ஒன்றாய் வழிந்தது. பெல்ட் அவன் மார்பில் அறுத்துப் பதிந்திருந்தது. கத்தியால் பெல்ட்டை அறுத்து அவனை இழுத்துப் போட்ட பிறகு அந்தத் துண்டு என் கையில் இருந்தது. கொக்கி உரசிய இடத்தில் நூல் உருகி, ஒரு விரல் அகலத்துக்குக் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. ஓர் ஆளின் பாரம் மொத்தமும் ஒரே நொடியில் அதில் விழுந்து இழுத்த சூடு அது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வண்டியிலும் பார்த்தேன். பெரிய அடி வாங்கிய வண்டியில், ஆள் பெல்ட் போட்டிருந்தால், அந்தப் பளபளப்பு இருக்கும். பெயின்ட் அடிக்கலாம், பட்டி பூசலாம், பானெட் மாற்றலாம், மீட்டரைப் பின்னால் திருப்பலாம். பெல்ட்டை மாற்ற வேண்டும் என்று ஒருவனுக்கும் தோன்றாது. ஏனென்றால் நம் ஊரில் பெல்ட்டை இழுத்துப் பார்க்கிறவனே கிடையாது.

இப்போது அந்த வெள்ளிக் காருக்கு வருகிறேன். நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் விழுகிற குழியில்தான் நீயும் விழுந்தாய். “சொல்தா வீட்டு வண்டிப்பா, பிரான்சுலேந்து வருஷத்துக்கு ஒரு மாசம் வருவாரு, அப்ப மட்டுந்தான் ஓட்டுவாரு, மத்த நாளெல்லாம் ஷெட்டுல போர்வை போத்தி நிக்கும்” என்று குதித்தாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர் வீட்டு வண்டி என்றால் நம் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். ஒன்றை யோசித்தாயா? முசே என்று ஊரே கூப்பிடுகிற அந்தச் சொல்தா பிரான்சில், துலோனில் இருக்கும் பதினொரு மாதமும் சாவி யாரிடம் இருக்கும்? அவருடைய அக்கா மகன் பாஸ்கரிடம் இருக்கும். இருபத்தைந்து வயதுக்காரன் கையில் அந்தச் சாவியைக் கொடுத்துவிட்டு, வண்டி போர்வைக்குள் தூங்கியது என்று நம்ப நம் ஊர்க்காரனால்தான் முடியும்.

உண்மையிலேயே நின்ற வண்டியாக இருந்தால் அதற்கும் ஒரு கேடு உண்டு. நம் கடல் காற்றில் நிற்கிற வண்டி ஓடுகிற வண்டியை விடச் சீக்கிரம் சாகும். பிரேக் குழாய் உள்ளிருந்து அரிக்கும், டயர் கல்லாகும், டேங்கில் துரு இறங்கும். டயரின் பக்கத்தில் நான்கு எண் இருக்கும், அது செய்த வாரமும் வருஷமும். நான் அதைத்தான் முதலில் பார்த்தேன். நான்கு டயரும் புதிது. வருஷத்துக்கு ஒரு மாதம் ஓடுகிற வண்டிக்கு எதற்கப்பா நான்கு புது டயர்? அங்கேயே எனக்கு ரத்தம் சூடானது. நீ ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, “அப்பா, ரெண்டாவது கியர்ல மிதிச்சா முதுகு சீட்டுல ஒட்டிக்குது, நீயும் உக்காந்து பாரு” என்றாய். ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தேன். பெல்ட்டைப் பிடித்து அடி வரை இழுத்தேன். பளபளத்தது.

உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். டயரைப் பார்க்கக் கொண்டுவந்த வீல் ஸ்பேனர் என் கையில் இருந்தது. நான் இறங்கி, “யார்ரா இத இடிச்சது?” என்றேன்.

“என்னா பெரியவரே, மாமா வண்டி, கோடு விழாத வண்டி” என்றான் பாஸ்கர்.

“கோடு பெல்ட்டுல இருக்குதுடா. யார்ரா உக்காந்திருந்தான்?”

“யோவ், இது காயலாங்கடைக்கு வர்ற வண்டி இல்ல. கையெ எடு.”

“வரும்டா. எல்லா வண்டியும் அங்கதான் வரும். ஆளு எங்க போவும்னு சொல்லு.”

அவன் என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். நான் ஸ்பேனரால் அந்தக் கையில் போட்டேன். முருங்கைக்காய் ஒடிவது போலச் சத்தம் கேட்டது. அவன் முட்டி போட்டு உட்கார்ந்து அலறினான். ஆத்திரம் அடங்காமல் ஹெட்லைட்டிலும் ஒன்று போட்டேன். அப்போதுதான் நீ வந்தாய். என் தோளைப் பிடித்துத் திருப்பி, இரண்டு கையாலும் தள்ளினாய். ஷெட் வாசல் படியில் என் முகம் மோதியது. முன்பல் ஒன்று ஒடிந்து என் நாக்கில் கிடந்தது. நான் எழுந்திருப்பேனா என்று கூட நீ பார்க்கவில்லை. “உன் காயலாங்கடைப் புத்திய காட்டிட்ட இல்ல? போ, போய் செத்த வண்டிங்களயே கட்டிக்கிட்டு அழு!” என்று கத்திவிட்டு, அவனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாய். தெருவே வாசலில் நின்றது. அந்த வருஷ லீவுக்கு வந்திருந்த முசே அரை முகம் ஷேவிங் நுரையோடு ஓடிவந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து என் வாயில் அழுத்தினார். மகன் செய்ய வேண்டிய வேலை அது.

கை ஒடிந்தவன் ஏன் போலீசுக்குப் போகவில்லை என்று ஒரு நிமிஷமாவது யோசித்தாயா? யோசிக்கவில்லை. கட்டுப் போட்ட கையோடு அவன் வந்து நின்றதும், “ஹெட்லைட் மாத்திக்குடு, வர்ற வாரம் எடுத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு பெங்களூர் பஸ் ஏறினாய்.

மறுநாள் காலையில் வீங்கின உதட்டோடு நான் முசே வீட்டுக்குப் போனேன்.

“என் மருமவன் கையெ ஒடிச்சவரு இன்னும் என்னா ஒடிக்க வந்தீரு?” என்றார்.

“காரை வாங்க வந்தேன் முசே. என் மவன் பேசுன வெலைக்கே.”

“வாங்கி?”

“அறுக்க.”

அவர் சிரிக்கவில்லை. ஷெட்டுக்குக் கூட்டிப் போய் பெல்ட்டை இழுத்துக் காட்டினேன். கட்டை விரலால் அந்த இடத்தைத் தடவினார். திரும்பவும் தடவினார். “பட்டாளத்துல பாரம் கட்டற பட்டை ஒரு தடவ வெடுக்குனு இழுபட்டா, அத எரிச்சிடுவோம்” என்றார். “நான் இந்த வண்டியில பிரேக்கயே அழுத்தி மிதிச்சதில்ல.” பிறகு பாஸ்கரைக் கூப்பிட்டார். அவன் வந்தான். மழையில் வழுக்கி ஒரு சுவரில் லேசாக உரசியது, நான் மட்டும்தான் இருந்தேன், மாமாவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார் என்று சரி செய்து வைத்தேன் என்றான். முசே அறைந்தார். கிழவர் அறையா அது! கட்டுப் போட்ட கையோடு அவன் பெட்ரோல் டின்மேல் போய் விழுந்தான். “வண்டிய எடுத்துக்கும்” என்று என்னிடம் சொன்னார். “மொத அடி மட்டும் என்து.”

கடைக்கு இருவரும் வந்தார்கள். எலுமிச்சம்பழம் வைக்கலாமா என்று யோசித்தேன். யாரும் சாகவில்லை என்று பாஸ்கர் அடித்துச் சொன்னதால் வைக்கவில்லை. முசே சட்டையைக் கழற்றிவிட்டு, சம்மட்டியைத் தூக்கி முன்கண்ணாடியில் போட்டார். பிறகு நிறுத்தவில்லை. கதவில், கூரையில், பின்பக்கத்தில், ஏதேதோ பிரெஞ்சில் திட்டிக்கொண்டே அடித்தார். மூச்சு வாங்கி அவர் உட்கார்ந்த பிறகு நான் எடுத்தேன். நீ தள்ளியது ஒவ்வோர் அடியிலும் எனக்கு நினைவு வந்தது, மறைக்க மாட்டேன். பானெட் பாதி இரும்பும் பாதி பட்டியுமாய் உதிர்ந்தது. காந்தம் வைத்திருந்தால் பட்டியில் ஒட்டாது, அன்றைக்கே தெரிந்திருக்கும். டாஷ்போர்டு வேறொரு வண்டியுடையது, திருகு மறைகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு. ஆனால் நீ பஸ் ஏறும் முன்னால் பாடியே வளைந்திருக்கிறது என்று நான் உன்னிடம் சத்தியம் செய்தேனே, அது தப்பு. பாடி நேராக இருந்தது. எழுதிவிட்டேன், படித்துக்கொள். அதற்காக மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருக்காதே. நேராக இருந்தாலும் அறுத்திருப்பேன்.

டாஷ்போர்டை மாற்றியவன் அதற்குப் பின்னால் இருந்த ஏ.சி. காற்றுக் குழாயை மாற்றவில்லை. இடது பக்கக் குழாயை அறுத்துக் கீழே போட்டபோது உள்ளே ஏதோ உருண்டது. கவிழ்த்தேன். பல். வேரோடு, கடைவாய்ப் பல். நான் பாஸ்கரைப் பார்த்தேன். அவன் வாய் முழுசாக இருந்தது. முசே எழுந்து வருவதற்குள் அவன் மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டான். மரக்காணம் தாண்டி, நின்றிருந்த உப்பு லாரியில் காரைக் கொண்டுபோய் மோதியிருக்கிறான். இவன் பெல்ட் போட்டிருந்தான். இடது சீட்டில் உட்கார்ந்திருந்த சிநேகிதன், வைத்திக்குப்பத்துக் குமரன், போடவில்லை.

பல்லைப் பிஸ்கட் டின்னில் போடாமல் நானே எடுத்துக்கொண்டு போனேன். குமரன் உயிரோடு இருக்கிறான், செல்வம். படகு நிழலில் உட்கார்ந்திருந்தான். தாடை ஒரு பக்கமாக இழுத்திருக்கிறது, வாய் முழுசாக மூடாது, பேசினால் எச்சில் ஒழுகுகிறது. கஞ்சிதான் சாப்பாடு. உள்ளங்கையில் பல்லை வைத்துக் காட்டினேன்.

“என்துதான்” என்றான். “வச்சிக்கிட்டு என்னா பண்றது பெருசு? மெல்லவா போறேன்?” என்று வாங்கிக் கடல் பக்கம் வீசினான். பிறகு என் வாயைப் பார்த்து, “உனுக்கு எந்த வண்டி?” என்றான்.

“என் மவன்.”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நீ பார்க்க வேண்டும். “வண்டி என்னாச்சு?”

“அறுத்துட்டேன்.”

“அய்யய்ய” என்றான். நிஜமாகவே வருத்தப்பட்டான். “நல்லா பறக்கும் பெருசு அது.”

அந்தத் தாடையிலேயே இன்னொன்று போட வேண்டும் போல எனக்குக் கை துடித்தது. அத்தனைக்குப் பிறகும் அவனுக்கு அந்தக் கார்மேல் ஆசை போகவில்லை. உனக்கும் போகாது என்று அந்த இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அதனால் வாங்காதே என்று இனி சொல்லப் போவதில்லை. சொன்னால் இன்னும் பழையதாய், இன்னும் வேகமாய் ஒன்றைத் தேடி வாங்குவாய்.

பெங்களூர்க் காரைப் பார்க்கப் போகும்போது காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போ. நீ வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் திரும்பி வந்துவிடு. நீ போகும்போது பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாலும் வந்துவிடு. டிக்கியில் விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி டயரை வெளியே எடுத்து, தரையில் வெல்டிங் கோடு இருக்கிறதா என்று பார். கம்பெனி வெல்டிங் ஒரே சீராகப் புள்ளி புள்ளியாக இருக்கும். ஆள் கை வைத்த வெல்டிங் புண் ஆறிய மாதிரி இருக்கும். ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ்த்தியிருந்தால், சைலன்சரைப் பெரிதாக்கியிருந்தால், அவன் கையிலிருந்து வாங்காதே. விற்கிறவன் முகத்தைப் பார்க்காதே, பேச்சைக் கேட்காதே. ஓட்டிப் பார்ப்பதைக் கடைசியில் வைத்துக்கொள். ஓட்டிவிட்டால் உன் கண் குருடாகிவிடும், உப்பளத்தில் முசே வீட்டு ஷெட்டில் ஆனது போல. இவ்வளவையும் செய்ய மறந்தாலும் ஒன்றை மறக்காதே. நான்கு பெல்ட்டையும் முழுக்க இழுத்துப் பார். முக்கியமாக இடது பக்கத்தை. நீ உட்காரப் போகிற பக்கம் உன் பாடு. இடது பக்கத்தில் அந்தப் பெண் உட்காரப் போகிறாள். இப்போதைக்கு அவளுடைய பற்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன, அம்மா கொண்டுவந்த போட்டோவில் பார்த்தேன்.

அப்பா கல்யாணத்துக்கு வந்தால் சண்டை வரும், வரவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். நான் வருவேன். என் பேர் போட்ட பத்திரிகை அது, எவன் தடுக்கிறான் பார்க்கிறேன். மாப்பிள்ளை அழைப்புக்கு உன் புதுப் பழைய காரைத்தான் பூ கட்டி மண்டப வாசலில் நிறுத்துவாய். அவளை அதில் ஏற்றும் முன்னால், மேளக்காரர்களும் சம்பந்தி வீட்டாரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் கதவைத் திறந்து இடது பக்க பெல்ட்டை அடி வரை இழுத்துப் பார்ப்பேன். பளபளப்பு இல்லையென்றால் பேசாமல் பந்தியில் போய் உட்கார்ந்து சாப்பிடுவேன். இருந்தால், என் வேட்டி மடிப்பில் வீல் ஸ்பேனர் இருக்கும்.

அப்போதும் தள்ளுவதென்றால் தள்ளு. எனக்கு இன்னும் பற்கள் இருக்கின்றன.

உன் அப்பா